சிவப்பா, வெள்ளையா? கிறிஸ்துமஸ் ஒயின் வாங்குவோர் அறிய வேண்டியவை

டிசம்பர் மாதம் பாதி கழிவதற்குள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் திராட்சை வியாபாரம் மும்முரமாகிவிடும். மற்ற மாதங்களில் கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்து வாங்குகிறவர்கள் இப்போது மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று கேட்பார்கள். அடுத்த கடையில் கிராம்பு, பட்டை, ஏலக்காய்; அதற்கடுத்த கடையில் சீனி. இத்தனையும் ஒரே பைக்குள் போவதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். திராட்சை வீட்டுக் குழந்தைகள் தின்பதற்கு அல்ல, கிறிஸ்துமஸ் ஒயினுக்கு.

பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து குடியேறிய தமிழர்களுக்கு இந்த நாட்களில் ஒரு சிறு தர்மசங்கடம் நேருவது உண்டு. பக்கத்து வீட்டு மலையாளக் கிறிஸ்தவக் குடும்பமோ, அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவரோ விருந்துக்கு அழைப்பார்கள். போனால் ஒரு துண்டு பிளம் கேக்கும், சிறிய கிளாஸில் கருஞ்சிவப்பாக ஒயினும் வரும். அது வெறும் திராட்சைச் சாறா, மதுவா? குடிக்கலாமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா? அடுத்த முறை வெறுங்கையோடு போகாமல் ஒரு பாட்டில் வாங்கிப் போவதென்றால் சிவப்பா, வெள்ளையா? விலை குறைந்ததை வாங்கினால் கௌரவக் குறைவா? யாரிடம் கேட்பது என்ற கூச்சத்தாலேயே பலர் கடையில் கை நீட்டியதை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஐந்தாறு விவரங்கள் தெரிந்திருந்தால் போதும். ஆனால் அவை தெரியாமல் போனால் பணம் மட்டுமல்ல, சில சமயம் மானமும் வேலையும் கூடப் போய்விடக்கூடும்.

தண்ணீர் போனது, திராட்சை வந்தது

இந்த ஒயினுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கேரளத்து வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஊறப் போடும் கறுந்திராட்சையில் பெரும் பகுதி தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்த பன்னீர் திராட்சை. மேல்நாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். வாயில் போட்டதும் பன்னீர் மணம் வீசுவதால் நம்மவர்கள் இட்ட பெயர்தான் பொருத்தமாக இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற இடங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு; கம்பத்தில் ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது. ஆகவே டிசம்பரிலும் தட்டில்லாமல் பழம் வருகிறது.

அந்தக் கொடிகளுக்குப் பாயும் நீர் எங்கிருந்து வருகிறது? கர்னல் பென்னிகுயிக் கட்டி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து. மேற்கே ஓட வேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, கம்பத்தில் திராட்சையாகி, லாரியேறி மறுபடி மலை தாண்டிக் கேரளத்துக்கு வந்து கிறிஸ்துமஸ் மேஜையில் அமர்கிறது. 

நிறம் தோலில் இருக்கிறது

சிவப்பு ஒயின் கறுப்புத் திராட்சையிலும், வெள்ளை ஒயின் பச்சைத் திராட்சையிலும் செய்யப்படுவதாகவே பொதுவாக எண்ணுகிறார்கள். பாதிதான் சரி. ஒரு பன்னீர் திராட்சையை நகத்தால் பிளந்து பாருங்கள். தோல்தான் கறுப்பு, உள்ளே சதை வெளிறிய பச்சை. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகள் இப்படித்தான். நிறமெல்லாம் தோலில் இருக்கிறது.

பழத்தை நசுக்கித் தோலோடு சேர்த்தே புளிக்க வைத்தால், தேயிலை ஊற ஊற டீ சிவப்பதைப் போல், சாறு சிவப்பாகிறது. அதுவே சிவப்பு ஒயின். பிழிந்த உடனே தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின். கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் எடுக்கலாம். பிரான்ஸ் நாட்டு ஷாம்பேனில் ஒரு பகுதி அப்படித்தான் தயாராகிறது. சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்து எடுத்தால் ரோஜா நிறம். அதை ரோஸே என்கிறார்கள்.

தோலிலிருந்து நிறம் மட்டும் வருவதில்லை, துவர்ப்பும் வருகிறது. கட்டன் சாயாவை அதிக நேரம் கொதிக்க விட்டால் நாக்கைப் பிடித்து இழுக்கிறதல்லவா? அதே துவர்ப்புத்தான். இதை டானின் என்கிறார்கள். சிவப்பு ஒயினில் துவர்ப்பு அதிகம். வெள்ளையில் மிகக் குறைவு, புளிப்பு தூக்கலாக இருக்கும். எந்த உணவுக்கு எது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலேயே இருக்கிறது.

ஜாடிக்குள் நடப்பது

கேரள வீடுகளில் வழக்கமான முறை இது: திராட்சையைக் கழுவி நசுக்கி, ஏறக்குறைய அதே எடைச் சீனி சேர்த்து, காய்ச்சி ஆறிய நீர், சிறிது ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, ஏலக்காய் போட்டுப் பரணி எனப்படும் ஊறுகாய் ஜாடியில் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறுவார்கள். 21 நாள் கழித்து வடிகட்டி, மேலும் சில வாரம் தெளிய விடுவார்கள். நிறம் போதாவிட்டால் சீனியைக் கருக்கிச் சேர்ப்பதும் உண்டு.

இதில் ஈஸ்ட் என்ன செய்கிறது? சீனியைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சீனி புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும் என்பது கணக்கு. ஜாடியில் கொட்டும் சீனியோ லிட்டருக்கு இருநூறு, முந்நூறு கிராமுக்கும் மேல். ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்தால் கடையில் விற்கும் ஒயினுக்குச் சமமாகவே அதுவும் வீரியமடையலாம். மிஞ்சிய சீனி இனிப்பாக நின்று ஆல்கஹாலின் காரத்தை மறைத்துவிடுவதால் குடிப்பவருக்கு அது தெரிவதில்லை.

ஆகவே இனிப்பாக இருப்பதனால் சாறுதான் என்று கொள்வது தவறு. வீட்டு ஒயின் மதுவே. இனிக்கிறது என்பதற்காகக் குழந்தைகள் கையில் கொடுப்பது பெரிய பிழை. ஜாடியின் வாயை இறுக மூடி வைப்பதும் ஆபத்து; உள்ளே சேரும் வாயு ஜாடியையே வெடிக்கச் செய்யக்கூடும்.

வாடகை வீட்டில் ஜாடி வைக்கலாமா?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தந்தார் என்று தமிழ்க் குடும்பங்களிலும் சிலர் ஜாடி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவை. கேரளத்தில் மது சம்பந்தமான எல்லாவற்றையும் ஆள்வது அப்காரி சட்டம். கொல்லம் ஆண்டு 1077-ல் கொச்சி சமஸ்தானத்தில் பிறந்த பழைய சட்டம் அது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் வைத்திருப்பதும் அதன் 55-ஆம் பிரிவின்படி குற்றம். 10 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். திராட்சை ஒயினுக்கு அதில் விதிவிலக்கு இல்லை. பூசைக்கான திராட்சை ரசத்துக்குக்கூடத் தேவாலயங்கள் தனி விதிகளின் கீழ் உரிமம் பெற்றே தயாரிக்கின்றன.

2019 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் இருக்கையில், வீட்டில் ஒயின் தயாரிப்பதும் குற்றமே என்று இங்கே எக்சைஸ் என வழங்கும் கலால் துறை எச்சரித்தபோது மாநிலமெங்கும் அது பெரும் விவாதமாயிற்று. தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம் என்றார்கள் சிலர். சட்டம் சட்டம்தானே என்றார்கள் வேறு சிலர். விவாதம் எப்படியிருந்தாலும் சட்டப் புத்தகத்தில் பிரிவு மாறவில்லை. சொந்த ஊரில் உற்றார் உறவினரோடு இருப்பவர் ஒரு வழக்கைச் சமாளித்துவிடலாம். வாடகை அறையில் இருக்கும் கூலித் தொழிலாளியும், சஸ்பென்ஷன் உத்தரவுக்கு அஞ்ச வேண்டிய குமாஸ்தாவும் அவ்வாறு துணியலாகாது. உபரியை நாலு பேருக்கு விற்று இரண்டு காசு பார்க்கலாம் என்று எண்ணுவது அதைவிட விபரீதம்.

பழத்தில் ஒயின் செய்து விற்க விரும்புவோருக்குக் கேரள அரசு 2022-ல் நேர்வழி ஒன்றைத் திறந்தது. இம்மாநிலத்தில் விளையும் பழங்களிலிருந்து சிறு அளவில் ஒயின் தயாரிக்க உரிமம் வழங்கும் விதிகள் அவ்வாண்டு வெளியாயின. கேரள வேளாண் பல்கலைக்கழகமும் வாழைப்பழம், அன்னாசி, முந்திரிப்பழம் ஆகியவற்றிலிருந்து ‘நிளா’ என்ற பெயரில் ஒயின் உருவாக்கியிருக்கிறது. இது புதிய யோசனையும் அல்ல. 1883-ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகக் கேரளத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தபோது, பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ப் பழத்திலிருந்து எடுத்த சரக்கையே சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது.

கடையில் என்ன பார்ப்பது?

கேரளத்தில் மது விற்கும் உரிமை பெரும்பாலும் 1984-ல் தொடங்கிய மாநில பெவரேஜஸ் கார்ப்பரேஷனிடம் இருக்கிறது. பெவ்கோ என்றால் எல்லாருக்கும் தெரியும். கன்ஸ்யூமர்பெட் கடைகளும் உண்டு. 2014-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல் அல்லாத பார்களின் சாராய வகைகள் நிறுத்தப்பட்டு, அவை பீர்–ஒயின் பார்லர்களாக மாறியபோதுதான் ஒயின் என்ற பெயர் சாதாரண மக்களிடம் அதிகம் புழங்கத் தொடங்கியது. 2017-ல் கொள்கை மறுபடி மாறியது. அதே ஆண்டு மது வாங்கும் வயது 21-லிருந்து 23 ஆக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 21 என்பதால் இங்கேயும் அப்படித்தான் என்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டாம்.

இன்னொன்று: கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி டிரை டே. புத்தாண்டு நாளும் முதல் தேதிதான். ஜனவரி 1-ஆம் தேதி விருந்துக்குப் போகிறவர் அன்று காலையில் கடையைத் தேடி அலைந்து பயனில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளும் வரிசை நீளும். ஒரு வாரம் முன்னதாக வாங்கி வைப்பதே புத்தி.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆல்கஹால் சதவீதம். சாதாரண ஒயினில் 11 முதல் 14 வரை இருக்கும்.

இரண்டாவது, டிரை என்றா, ஸ்வீட் என்றா என்பது. ஒயினில் டிரை என்றால் இனிப்பு ஏறக்குறைய இல்லை என்று பொருள். கடை மூடும் நாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டு ஒயினின் இனிப்பை எதிர்பார்த்து டிரை ஒயினை வாங்கி, புளித்துக் கெட்டுப்போனதாக எண்ணிச் சாக்கடையில் கொட்டியவர்கள் உண்டு. இனிப்பு வேண்டுவோர் போர்ட் என்று எழுதியதை வாங்கலாம். உண்மையான போர்ட் போர்ச்சுகல் நாட்டில் பிராந்தி சேர்த்துச் செய்வது. நம் நாட்டில் அந்தப் பெயரில் மலிவாக விற்பதில் பெரும்பாலானவை இனிப்பூட்டிய சிவப்பு ஒயின்களே. இருந்தாலும் பிளம் கேக்கோடு அது ஒத்துப்போகும்.

மூன்றாவது, திராட்சை வகையின் பெயர். சிவப்பில் கேபர்னே சாவிஞான் கனமானது, துவர்ப்பு மிகுந்தது. ஷிராஸ் மிளகு வாசனை தட்டுவது. வெள்ளையில் சாவிஞான் பிளாங் புளிப்பும் பசும்புல் மணமும் உடையது. ஷெனின் பிளாங் இலேசானது. சில தயாரிப்புகளில் சற்றே இனிப்பும் இருக்கும்.

நான்காவது, எங்கே தயாரானது என்பது. நம் நாட்டில் ஒயினுக்குப் பேர்பெற்ற இடம் மகாராஷ்டிரத்து நாசிக். 1999-ல் தொடங்கிய சூலா நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் தோட்டம் அதற்கும் முந்தியது. இறக்குமதிச் சரக்கு என்பதனாலேயே உயர்வாகிவிடாது. விலையில் பெரும் பகுதி சுங்கமும் வரியுமாகப் போய்விடும். உள்ளே இருக்கும் ஒயின் அந்த நாட்டில் சாதாரணமானதாகவே இருக்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு நடுத்தர விலையில் ஓர் உள்நாட்டு ஒயின் போதும். அழைத்தவர் வீட்டில் விலைச் சீட்டை யாரும் பார்ப்பதில்லை.

ஐந்தாவது, ஆண்டு. பழையதாக ஆக ஆக உயர்வு என்பது மிகச் சில விலையுயர்ந்த ஒயின்களுக்கே பொருந்தும். சாதாரண வெள்ளை ஒயினை ஓரிரு ஆண்டுக்குள்ளும், சிவப்பை மூன்று நான்கு ஆண்டுக்குள்ளும் குடித்துவிடுவதே நல்லது. வெயில் படும் அலமாரியில் நெடுநாள் நின்ற பாட்டிலைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அரசாங்கக் கடையில் பில்லோடு வாங்குவது. கடைக்கு வெளியே குறைந்த விலைக்குத் தருவதாக யாராவது கிசுகிசுத்தால் நின்று கேட்கவே கூடாது. 2000-ஆம் ஆண்டில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 30-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

எந்தக் கறிக்கு எது?

மாமிசத்துக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்பது வெள்ளைக்காரர் வகுத்த விதி. அவர்கள் சமையலில் நம் மிளகாய் கிடையாது. காரத்தோடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினைக் குடித்தால் நாக்கின் எரிச்சல் இரட்டிப்பாகும். ஆகவே நம் சமையலுக்கு விதியைச் சிறிது திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்பமும் தேங்காய்ப்பால் ஸ்டூவும், மீன் மோளியும் காரம் குறைந்தவை, பால் சேர்ந்தவை. இவற்றுக்கு வெள்ளை ஒயின் பொருந்தும். அதன் புளிப்பு எலுமிச்சை பிழிந்ததைப் போல் வேலை செய்யும். வாத்து ரோஸ்ட்டும் தேங்காய்க் கீற்றுப் போட்டு வரட்டிய மாட்டிறைச்சியும் கொழுப்பும் மிளகும் நிறைந்தவை. இவற்றுக்கு ஷிராஸ் போன்ற சிவப்பு ஏற்றது. கொழுப்பைத் துவர்ப்பு அறுத்துவிடும். நம்மூர்க் காரமான மீன் குழம்புக்கும் கோழி வறுவலுக்கும் சற்று இனிப்பான வெள்ளையே தேவலை. கேக்குக்கு இனிப்பு ஒயின் மட்டுமே. ஒயினைவிடக் கேக் அதிகமாக இனித்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தோன்றும்.

அழைத்தவர் வீட்டுச் சமையல் இன்னதென்று தெரியாதபோது என்ன செய்வது? இலேசான வெள்ளை ஒன்றை வாங்கிப் போனால் எதனோடும் பெரிய சண்டை போடாது.

குளிர வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. வெள்ளையை இரண்டு மூன்று மணி நேரம் பிரிஜ்ஜில் வைக்க வேண்டும். சிவப்பை அறையின் வெப்பத்தில் பரிமாறலாம் என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவின் அறையை வைத்து. அதாவது 16 முதல் 18 டிகிரி. டிசம்பரிலும் 30 டிகிரியைத் தொடும் திருவனந்தபுரத்தில் சிவப்பு ஒயினுக்கும் அரை மணி நேரம் பிரிஜ் தேவை. ஐஸ் கட்டி போட்டால் தண்ணீராகிவிடும். திறந்த பாட்டிலை மூடிப் பிரிஜ்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். பிறகு அது காடியாகத் தொடங்கும். தக்கை போட்ட பாட்டிலானால் திருகி வேண்டும். அது வீட்டில் இல்லாதவர்கள் திருகு மூடி போட்டதையே வாங்கலாம். கத்தியால் தக்கையைக் குத்திக் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு கிளாஸ் எவ்வளவு?

ஒயின் உடம்புக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்ற பேச்சு நம்மிடையே நெடுநாளாக உண்டு. கணக்குப் பார்த்தால் உண்மை தெரியும். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஐந்து கிளாஸ் வரும். 13 சதவீத ஒயின் ஒரு கிளாஸில் 19 மில்லிக்கும் சற்று அதிகமாக ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத ரம் 60 மில்லியில் சுமார் 26 மில்லி. அதாவது இரண்டு கிளாஸ் ஒயின் குடித்தவர் ஒன்றரை லார்ஜ் ரம் குடித்தவருக்குச் சமம். முழு பாட்டிலைத் தனியாகத் தீர்த்தவர் ஏறக்குறைய நான்கு லார்ஜ் உள்ளே தள்ளியிருக்கிறார்.

எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாதென 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கர்ப்பிணிகள், மஞ்சள் காமாலை வந்தவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரு வாய் ஒயின் குடித்தாலும் வாந்தியும் படபடப்பும் வரலாம். நீரிழிவுக்காரர்கள் மருத்துவரைக் கேட்காமல் இனிப்பு ஒயின் பக்கம் போகலாகாது.

விருந்து முடிந்து ஸ்கூட்டரை எடுப்பதும் வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம்; முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒயின்தான் குடித்தேன் என்று சொன்னால் ஊதச் சொல்லும் கருவிக்குக் காது கேட்காது.

ஊருக்கு எடுத்துப் போகலாமா?

பண்டிகை விடுமுறைக்கு நாகர்கோவில், திருநெல்வேலி என்று ரயிலேறுகிறவர்கள் மச்சானுக்கு ஒரு பாட்டில் எடுத்துப் போக ஆசைப்படுவார்கள். கேரளத்தில் வரி கட்டி வாங்கிய சரக்கு எல்லை தாண்டியதும் தமிழ்நாட்டில் தானாகச் சட்டபூர்வமாகிவிடாது. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் தனி. உரிய அனுமதியின்றி வெளிமாநில மதுவை வைத்திருந்தால் பையோடு பயணமும் போய்விடும். களியக்காவிளை வழியாகப் பஸ்ஸில் போவோருக்கும் இதே கதிதான். ரயிலிலோ, ரயில் நிலையத்திலோ போதையில் இருந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையும் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வண்டியிலிருந்து இறக்கியும் விடலாம். ஊருக்குக் கொண்டுபோகக் கேக் போதும். அது எல்லையில் எந்தக் கேள்வியையும் எழுப்பாது.

வேண்டாம் என்பவர்களுக்கு

குடியால் சீரழிந்த குடும்பத்தில் பிறந்து, தொடுவதில்லை என்று சபதம் செய்தவர்கள் நம்மில் பலர். இந்தச் சம்பாத்தியமே அவ்விதம் போகக்கூடாதென்று ஊரை விட்டு வந்தவர்களும் உண்டு. அவர்கள் விருந்து வீட்டில் கூச்சப்பட வேண்டியதில்லை. பழக்கமில்லை என்று புன்னகையோடு சொன்னால் எந்த நல்ல வீட்டிலும் தவறாக நினைக்க மாட்டார்கள். குடியை விட்டவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் பாட்டிலைப் பரிசாகக் கொண்டுபோவதும் நட்பாகாது.

அப்படிப்பட்டவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிலோ பன்னீர் திராட்சையை உப்பு நீரில் நன்றாகக் கழுவி, சிறிது தண்ணீரில் தோல் வெடிக்கும் வரை கொதிக்க வைத்து, மசித்து வடிகட்டி, அளவாகச் சீனியும் இரண்டு கிராம்பும் ஒரு துண்டுப் பட்டையும் போட்டு இன்னும் ஒரு கொதி விட வேண்டும். ஆறியதும் பிரிஜ்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் குடித்துவிடலாம். ஈஸ்ட் இல்லை, புளிப்பதற்கு நேரமும் இல்லை. தோலோடு கொதித்ததால் நிறம் அதே கருஞ்சிவப்பு. குழந்தையும் குடிக்கலாம், பாட்டியும் குடிக்கலாம். எக்சைஸ்காரர் வந்தால் அவருக்கும் ஒரு கிளாஸ் கொடுக்கலாம்.

சிவப்போ, வெள்ளையோ, சாறோ, அழைத்த வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் அது எங்கே செய்தது, எவ்வளவு வீரியம், தன் கைப்பணத்துக்குத் தகுமா என்று தெரிந்து கொண்டுபோவதே மரியாதை. சாலைக் கடைத்தெருவில் இன்று இறங்கிய கம்பத்துப் பெட்டிகளில் பழம் நன்றாகத் திரண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரண்டு நாட்களில் விலை ஏறிவிடும். வாங்குவோர் முன்னதாகவே வாங்கிவிடுவது நலம்.